சுரங்கம் மூடியாச்சு, சத்திரம் மட்டும் நிக்குது: டான் ஹில் கதை

இன்னைக்கு எபிசோடுல ஒரே ஒரு கட்டடத்தோட கதைதான்.

2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை ராத்திரி. வடக்கு இங்கிலாந்துல, யார்க்‌ஷயர் மலைப்பகுதியில 'டான் ஹில் இன்'னு ஒரு பழைய விடுதி. அன்னைக்கு அங்கே கச்சேரி. ஒயேசிஸ் பாட்டுகளை அப்படியே பாடுற 'நோயேசிஸ்'ங்கிற குழு வந்திருந்தது. அதே ராத்திரி அர்வென் புயல் அடிச்சுது. பனி கதவு வரைக்கும் குவிஞ்சுது, ரோட்டுல மின்கம்பி அறுந்து விழுந்துது. ரசிகர்கள், பாடகர்கள், ஊழியர்கள்னு சுமார் 60 பேர் உள்ளேயே மாட்டிக்கிட்டாங்க. ஒரு ராத்திரி இல்ல, மூணு ராத்திரி! தரையில மெத்தை போட்டுத் தூங்கி, வினாடி வினா நடத்தி, கரோக்கி பாடிப் பொழுதை ஓட்டினாங்க. திங்கள்கிழமைதான் வெளியே வர முடிஞ்சுது.

இந்தச் செய்தி உலகம் முழுக்க வைரலாச்சு. எல்லாரும் "ஆஹா, மாட்டினா இப்படி மாட்டணும்"னு ரசிச்சாங்க. எனக்கு வந்தது வேற கேள்வி. ஊரே இல்லாத அந்த மேட்டுல எதுக்குங்க ஒரு விடுதி?

இடத்தைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. கடல் மட்டத்திலிருந்து 528 மீட்டர், அதாவது 1,732 அடி. பிரிட்டனிலேயே மிக உயரத்தில் இருக்கிற பப் இதுதான். சுத்தி மரம்கூடக் கிடையாது, புல்வெளியும் சதுப்பும்தான். பக்கத்துல இருக்கிற கிராமம் கெல்ட். அதுக்கே ஆறு கிலோமீட்டருக்கு மேல போகணும். வியாபாரம் பண்ண நினைக்கிற யாரும் இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டாங்க.

ஆனா, ஒரு காலத்துல இங்கே ஆள் நடமாட்டம் இருந்தது. காரணம், நிலக்கரி.

இந்த மேட்டில் இடைக்காலத்திலிருந்தே நிலக்கரி தோண்டினார்கள். இன்னைக்கு நாம படத்துல பார்க்கிற பிரம்மாண்டமான சுரங்கம் இல்ல. சின்னச் சின்னக் குழிகள். ஒரு குழியில கரி தீர்ந்தா, கொஞ்சம் தள்ளி இன்னொன்னு. கரியும் உயர்ந்த ரகம் கிடையாது. ஆனா கீழே பள்ளத்தாக்குல இருக்கிறவங்களுக்கு அது போதும். வீட்டு அடுப்புக்கு, கொல்லன் பட்டறைக்கு, சுண்ணாம்புக் காளவாய்க்கு. அந்தச் சுண்ணாம்பைத்தான் விவசாயிகள் புளிச்ச மண்ணுல போட்டு நிலத்தைச் சரி பண்ணினாங்க. ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்களும் நிறைய இருந்தன. ஈயத்தை உருக்குற உலைகளுக்கும் இங்கிருந்து கரி போனது.

17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கட்டடம் இது. 18ஆம் நூற்றாண்டில் கரி வெட்டுறவங்க வந்து தங்குற, சாப்பிடுற, குடிக்கிற இடமா இருந்தது. சுற்றிலும் தொழிலாளர்களின் சின்னச் சின்ன வீடுகள். பக்கத்துச் சுரங்கத்தின் பெயரை வைத்து இந்த இடத்தை 'கிங்ஸ் பிட்' என்றே கூப்பிட்டார்கள். குதிரை முதுகில் பொதி ஏற்றி வந்தவர்கள், மாடு ஓட்டி வந்தவர்கள் எல்லாரும் கடந்துபோன பாதையும் இதுதான். நம்ம ஊர்ல வழிப்போக்கருக்குச் சத்திரம் எப்படியோ, அப்படி. என்ன, இங்கே பியருக்குக் காசு கொடுக்கணும்!

சரி, அப்புறம் என்னாச்சு?

முதல்ல ஈயம் விழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினிலிருந்து மலிவான ஈயம் வந்து குவிஞ்சதும், ஸ்வேல்டேல் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. குடும்பம் குடும்பமா ஊரை விட்டுப் போனாங்க. சிலர் டர்ஹம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு, சிலர் லங்காஷயர் பஞ்சாலைகளுக்கு, சிலர் கடல் கடந்து அமெரிக்காவுக்கு. ரயில் வந்த பிறகு, இதைவிடத் தரமான கரி வெளியிலிருந்து சுலபமா கிடைச்சுது. டான் ஹில் கரியை யார் வாங்குவா? 1929இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது.

தொழிலாளர் வீடுகளை இடிச்சுட்டாங்க. விடுதியும் போயிருக்கணும். அதைக் காப்பாத்தினது சுத்துவட்டார விவசாயிகள். ஆடு மேய்க்க மேலே வர்றவங்க வழக்கமா இங்கே வந்து உட்கார்ந்தாங்க, அவ்வளவுதான். அந்த வியாபாரத்துலதான் கதவு திறந்தே இருந்தது. இன்னைக்கும் மே மாசக் கடைசியில ஸ்வேல்டேல் ஆடுகளுக்கான கண்காட்சி இங்கே நடக்குது.

அடுத்து வந்தவங்க நடைபயணிகள். 1965இல் 'பென்னைன் வே' என்ற நடைபாதை திறக்கப்பட்டது. 268 மைல் நீளம். அது நேரா இந்த விடுதி வாசல் வழியாத்தான் போகுது. நாள் முழுக்க மழையிலயும் சேத்துலயும் நடந்து வர்றவனுக்கு இந்த விளக்கு வெளிச்சம் எப்படி இருக்கும்!

1980களில் டிவி விளம்பரமும் வந்தது. எவரெஸ்ட் என்ற ஜன்னல் கம்பெனி, தன் இரட்டைக் கண்ணாடி ஜன்னலை இங்கே மாட்டியது. டெட் மோல்ட் என்ற டிவி பிரபலம் அந்த ஜன்னல் பக்கத்துல ஒரு இறகைப் போடுவார். வெளியே காத்து ஊளையிடும். இறகு ஆடாம அசையாம நேரா கீழே விழும். அந்த விளம்பரத்துக்கு இதைவிட மோசமான குளிர்காத்து அடிக்கிற இடம் கிடைக்காது இல்லையா?

இங்கேதான் எனக்கு இந்தக் கதை சுவாரசியமாகுது. தொழிலாளிக்கு அந்தக் காத்தும் பனியும் தினசரி கஷ்டம். கூலிக்காகச் சகிச்சுக்கிட்டது. இன்னைக்கு அதே காத்தையும் பனியையும் அனுபவிக்கத்தான் காசு கொடுத்து வர்றாங்க. "உலகத்தை விட்டுத் தள்ளி இருக்கு"ங்கிறதுதான் இப்போ விடுதியோட சரக்கு. விடுதி நடத்துறவங்களைக் குறை சொல்லல. வாடிக்கையாளர் மாற மாற விடுதியும் மாறினதாலதான் அது இன்னும் நிக்குது.

ஆனா ஒரு கணக்கு இடிக்குது. குடிச்ச இடம் மிஞ்சியிருக்கு, குடியிருந்த வீடுகள் இல்லை. அடுத்து யாராவது காசு கொடுத்து வருவாங்கன்னு இருந்த கட்டடம் தப்பிச்சுது. தொழிலாளி வீட்டுக்கு அப்படி ஒரு அடுத்த ஆள் வரல. 'பாரம்பரியக் கட்டடம்'னு நாம கொண்டாடுற பல இடங்களுக்கும் இது பொருந்தும். எது மிஞ்சியிருக்கோ அதை மட்டும் பார்த்து வரலாறு எழுதினா, பாதிப்பேர் விட்டுப்போயிடுவாங்க.

எப்பவாவது அந்தப் பக்கம் போனீங்கன்னா, "பிரிட்டனின் உயரமான பப்"னு ஒரு செல்ஃபி தாராளமா எடுங்க. அப்புறம் கொஞ்சம் திரும்பி அந்தப் புல்வெளியையும் பாருங்க. அங்கங்கே மேடும் பள்ளமுமா இருக்கும். அது பழைய சுரங்கக் குழிகள். பாதையை விட்டு இறங்கிடாதீங்க, ஆபத்து. தூரத்திலிருந்தே பாருங்க. விடுதி அங்கே எதுக்கு வந்ததுங்கிற கேள்விக்குப் பதில் அந்தக் குழிகள்ல இருக்கு.

உங்க ஊர்ல இப்படி, வந்த காரணம் மறைஞ்சும் நிக்கிற கட்டடம் எதுன்னு யோசிச்சு வைங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.