ஓடைக்கரையில் ஒளிந்து பூக்கும் செடி
(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதை மனனம் செய்து பரீட்சை எழுதியவர்கள் நாம். ஆனால் தெல்தோட்டை ஓடைக்கரைகளில் நம் கால்பட்ட செடிகளின் பெயர்களை யாரிடமும் கேட்டதில்லை. இன்று அத்தகைய ஒரு கரையோரச் செடியைப் பற்றிப் பேச வந்தோம்.

அதன் பெயர் கிரிப்டோகொரைன், சேம்புக் குடும்பம். இலங்கைக்கே உரிய இனங்கள் இதில் பல உண்டு. மலைநாட்டு ஆற்றங்கரைகளில் வளரும் 'பார்வா' அவற்றுள் மிகச் சிறியது. உயரம் இரண்டு மூன்று அங்குலமே. நீர் பெருகினால் மூழ்கிக் கிடக்கும். நீர் வடிந்து கரை தெரியும்போதுதான் பூக்கும். வெளியே நாம் காண்பது ஒரு குழாய்போன்ற மடல். மெய்யான பூக்கள் அதன் அடியிலுள்ள சிற்றறையில் ஒளிந்திருக்கும். மணம் நாடி இறங்கும் சிறு பூச்சி அங்கே சிறைப்பட்டு, மகரந்தத்தைச் சுமந்துகொண்டே விடுதலையாகும்.

ஆகவே இச்செடிக்கு ஏறி இறங்கும் நீரும் குலையாத கரையும் வேண்டும். 1976 இல் பொல்கொல்லையிலும் 1985 இல் விக்டோரியாவிலும் எழுந்த அணைகள் மகாவலியின் போக்கையே மாற்றின. நாடு மின்சாரமும் நீரும் பெற்றது. கரையோரச் செடிகள் இடம் இழந்தன. மணல் அகழ்வும், நீர்விளிம்புவரை வெட்டிய மரக்கறிப் பாத்திகளும், களைநாசினியும் எஞ்சிய கரைகளைத் தின்கின்றன.

இதே குடும்பத்து 'பெக்கெட்டி' என்ற நம் நாட்டுச் செடி மீன்தொட்டி அலங்காரமாக உலகெங்கும் போனது. அமெரிக்காவின் டெக்சாஸில் சான் மார்கோஸ் ஆற்றில் அது பரவி, அங்குள்ள அரிய காட்டு நெல்லை நெருக்கியதால் பிடுங்கி எறிய நேர்ந்தது. பிறந்த மண்ணில் அருமை. போன இடத்தில் களை! கண்ணாடித் தொட்டிகளில் ஆயிரம் செடி வளர்ந்தாலும், அது பிறந்த கரையைக் காத்ததாகாது.

வெளிநாட்டிலுள்ள சகோதரிகளே, மீன்தொட்டிச் செடிகளை அங்குள்ள ஆறுகளில் வீசாதீர்கள். வாங்கும்போது ஆற்றில் பிடுங்கியதா, பண்ணையில் வளர்த்ததா என்று கேளுங்கள். ஊரிலிருக்கும் நாம் ஓடையோரத்தில் சில அடி நிலத்தை மண்வெட்டி படாமல் விடுவோம். நம் மாணவியர் வறண்ட மாதங்களில் ஆசிரியைகளுடன் கரையோரம் நடந்து, கண்ட செடிகளைப் பிடுங்காமல் வரைந்து குறித்து வைக்கட்டும். அந்தக் குறிப்பேடு பாடசாலை நூலகத்தில் இருக்கட்டும். நமக்குத் தெரியாமற்போன பெயர்களை நம் பேத்திகளாவது அறிந்திருப்பார்கள்.