அஞ்சறைப் பெட்டியும் மாத்திரை டப்பாவும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



‘வயசான காலத்துக்கு அஞ்சறைப் பெட்டி தரும் நலம்’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்காங்க. மஞ்சள் இதுக்கு நல்லது, மிளகு அதுக்கு நல்லது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு இறங்கிடலாம், நீங்களும் கை தட்டுவீங்க. ஆனா எங்க வீட்டில் நடந்ததை மறைச்சுட்டு அப்படிப் பேச எனக்கு மனசு வரலை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் மாசம் ஆரம்பிச்சது. குழுக்களில் இருந்துதான் தன்னார்வலர்களை எடுத்தாங்க, அதில் நானும் ஒருத்தி. வீடு வீடாகப் போய் பிரஷர் பார்ப்பேன், சுகர் பார்ப்பேன், மாத்திரை கொடுப்பேன். "ஒரு நாள்கூட விட்டுடாதீங்க பாட்டி" என்று ஊருக்கெல்லாம் சொல்லுவேன். என் மாமியாருக்கு 72 வயசு. சுகர் மாத்திரை போட்டால் வயித்தைப் புரட்டுது என்று அவங்களுக்கு ஒரே சடவு. அந்தச் சமயம் பார்த்து போனில் ஒரு வீடியோ வந்தது. ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊற வைத்துக் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று ஒருத்தர் அடிச்சுப் பேசினார். "சரிங்க அத்தை, கொஞ்ச நாளைக்கு இதையே பார்ப்போம்" என்று சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான்.

நாலு மாசம் போச்சு. செருப்பு கடிச்ச புண் ஒண்ணு கால் சுண்டு விரலில் இருந்திருக்கு. மரத்துப்போன கால், அவங்களுக்கு வலியே தெரியலை. எங்களுக்கு நாத்தம் வந்த பிறகுதான் தெரிஞ்சது. விரலை எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில் இருந்து வந்து அஞ்சறைப் பெட்டியை நகர்த்தினால், அதுக்குப் பின்னால ஒரு டப்பா நிறைய மாத்திரை. "நீதான கண்ணு வேண்டாம்னு சொன்ன" என்று அத்தை கேட்டாங்க. கோபமாகக்கூடக் கேட்கலை.

வயித்தைப் புரட்டுதுன்னு அப்பவே வந்து சொல்லியிருந்தால், சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லியிருப்போம், இல்லை மாத்திரையை மாத்தியிருப்போம் என்று டாக்டரம்மா சொன்னாங்க. அவ்வளவு சின்ன விஷயம்.

அப்படீன்னா வெந்தயம் பொய்யா? பொய் இல்லைங்க. அதில் இருக்கிற வழவழப்பான நார்ச்சத்து, சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறுற வேகத்தைக் குறைக்கும். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே இதை ஆராய்ஞ்சிருக்கு. ஆனா அங்கே கொடுத்துப் பார்த்தது ஒரு நாளைக்கு 25 கிராமும் அதுக்கு மேலேயும். நம்ம ஒரு ஸ்பூன் 5 கிராம் வந்தால் அதிகம். மாத்திரையும் போட்டுக்கிட்டு வெந்தயத்தையும் அள்ளிச் சாப்பிட்டால் சர்க்கரை ரொம்ப இறங்கிப்போய் மயக்கம் வரும், அதுவும் ஆபத்து. அத்தை இப்போ மாத்திரையும் போடறாங்க, இட்லி மாவிலும் குழம்பிலும் வெந்தயமும் சாப்பிடறாங்க. இரண்டையும் டாக்டரிடம் சொல்லி வெச்சிருக்கோம்.

என்னைக் கேட்டால், வயசானவங்களுக்கு அஞ்சறைப் பெட்டி செய்யுற பெரிய உதவியே வேற. வயசாக ஆக நாக்கும் மூக்கும் மந்தமாகிடும். எதைப் போட்டாலும் "சப்புன்னு இருக்கு" என்பாங்க. இன்னும் கொஞ்சம் உப்பு, ஊறுகாய், அப்பளம் என்று கேட்பாங்க. பிரஷர் அங்கேதான் ஏறுது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்ளே இருக்கணும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கணக்குப் போட்டுப் பாருங்க. நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு கிலோ உப்பு குறைஞ்சது 50 நாள் வரணும். எங்க வீட்டில் 28 நாளில் தீர்ந்துச்சு! நம்ம சேமிப்புப் புத்தகம் எழுதற மாதிரி, உப்பு பாக்கெட் பிரிச்ச தேதியை அது மேலேயே எழுதி வையுங்க.

ஒரேயடியாகக் குறைச்சால் வீட்டில் சண்டைதான் வரும். நான் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைச்சேன். அந்த இடத்தில் மிளகும் சீரகமும் அப்பப்போ வறுத்து நுணுக்கிப் போட்டேன். பூண்டைத் தட்டிப் போட்டு, இறக்கும்போது கொத்தமல்லித் தழையும் எலுமிச்சையும் சேர்த்தேன். பொடியை மாசக்கணக்கில் வெச்சால் வாசம் போயிடும், வாசம் போனால் கை தானாக உப்புக்குப் போகும். சோறே இறங்காத அத்தை, பருப்புத் தண்ணி நிறைய விட்ட மிளகு ரசம் என்றால் இரண்டு கரண்டி கூடக் கேட்கறாங்க. அந்தப் பருப்பு உள்ளே போகுதில்ல, அதுதான் எனக்கு வேணும்.

மஞ்சளைப் பத்திச் சொல்லாட்டி ஈரோட்டுப் பக்கத்து ஆளுகள் என்னை விடமாட்டீங்க. நம்ம ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைச்சது நமக்கெல்லாம் பெருமை. மஞ்சளில் இருக்கிற குர்குமின் தனியாகப் போனால் உடம்பில் அவ்வளவாகச் சேராது. மிளகில் இருக்கிற பைப்பரின் அதைச் சேர வைக்கும். பாலில் மஞ்சளோடு மிளகும் தட்டிப் போட்ட நம்ம ஆத்தாக்கள் எந்தக் காலேஜில் படிச்சாங்களோ! ஆனா அதே குர்குமினை மாத்திரையாக விக்கிறாங்க, அதை நீங்களாக வாங்கிப் போடாதீங்க. சில பேருக்கு ஈரலைப் பாதிக்குது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடறவங்க இன்னும் ஜாக்கிரதையாக இருக்கணும். பட்டையும் அப்படித்தான். கடையில் கிடைக்கிற கெட்டிப் பட்டை குழம்புக்குப் போதும், தினமும் பொடி பண்ணிக் குடிக்க வேண்டாம்.

கடைசியாக, நம்ம குழு அரைக்கிற ரசப்பொடி விஷயம். போன வருஷம் ஒரு கடைக்காரர் மொத்தமாக எடுத்துக்கறேன் என்றார். பாக்கெட்டில் ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ என்று போடணுமாம். கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். கடன் தவணை இருக்கு, ஒரு வரிதானே, போட்டால் என்ன என்று கேட்டாங்க. தப்பில்லை, எல்லார் வீட்டிலும் கஷ்டம். உணவுப் பொருளில் நோய் குணமாகும் என்று அச்சடிக்கச் சட்டத்திலும் இடம் இல்லை என்று ஊக்குநர் சொன்னாங்க. நான் எழுந்து அத்தையின் விரலைப் பத்திச் சொன்னேன். அதுக்கு முன்னால் குழுவில் யாருக்கும் அது தெரியாது. போட வேண்டாம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஆர்டர் போச்சு. அந்த மூணு மாசம் தவணைக்குத் திண்டாடினது உண்மைதான்.

வெளியே எங்க குழுக் கடையில் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணி வெச்சு மஞ்சள் தூள் போட்டிருக்கோம். நல்ல தூள் அடியில் படிஞ்சு தண்ணி லேசான மஞ்சளாகத் தெரியும், சாயம் கலந்தது தண்ணியையே அடர் மஞ்சளாக்கிடும். பக்கத்தில் மிளகும் போட்டு வெச்சிருக்கோம், பப்பாளி விதை மிதக்கும். சாப்பிடப் போறப்போ பார்த்துட்டுப் போங்க. சுகர் பார்க்கிற மிஷினும் கொண்டு வந்திருக்கேன். மாத்திரையை நிறுத்தி வெச்சிருக்கிறவங்க யாராவது இருந்தால், கூச்சப்படாமல் தனியாக வந்து என்கிட்டச் சொல்லுங்க.