மணலைத் துப்புரவாக்க எந்த நத்தை?



கோலா தெர்லாவில் கடல் இல்லை. ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் தேயிலைத் தோட்டமும் காய்கறித் தோட்டமும்தான் உண்டு. இருந்தாலும் உப்புப் பொட்டலத்தை வாங்கிக் கரைத்தால் கடல்நீர் மலைக்கு வந்துவிடும். சிறிய தொட்டி, வெள்ளை மணல், ஒரு கோமாளி மீன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

சில வாரங்களில் மணல் பழுப்பாகிறது. "பத்து நத்தை வாங்கிப் போடுங்கள், சுத்தமாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். இரண்டு மாதத்தில் பத்து ஓடுகள்தாம் மிஞ்சும். தவறு நத்தையிடம் இல்லை, அதைத் தேர்ந்தெடுத்த முறையில் இருக்கிறது.

அழுக்கு எது?

நத்தை வாங்கப் போகுமுன் மணலை உற்றுப் பார்க்க வேண்டும். புதிய தொட்டியில் படியும் பழுப்புத் தூள் டயட்டம் என்னும் நுண்பாசி. பெரும்பாலும் அது தானாகவே குறைந்துவிடும். மீன் தின்னாமல் விட்ட உணவு வேறு வகை அழுக்கு. உணவைக் குறைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். கருஞ்சிவப்பாக வழவழவென்று படர்வது மூன்றாவது வகை. அதைத் தின்னும் நத்தைகள் மிகக் குறைவு. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, தண்ணீரை மாற்றுவதே வழி.

மணலுக்கு ஏற்றவை

மிஞ்சிய உணவுக்கு நசேரியஸ் நத்தை ஏற்றது. பகலில் மணலுக்குள் புதைந்து, யானைத் துதிக்கை போன்ற குழலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உணவு வாசனை பட்டதும் மணலைப் பிளந்துகொண்டு எழுந்து வரும். அப்போது மணலும் கிளறப்படுகிறது. ஆனால் இது பாசியைத் தின்னாது. பழுப்புப் படலத்துக்காக இதை வாங்குவது வீண்செலவு.

பாசிக்கும் படிவுக்கும் செரித் நத்தை. நீண்டு கூராக இருக்கும் இது மணலையும் கண்ணாடியையும் மேய்கிறது. சிறிய தொட்டிக்கு இந்த இரண்டுமே போதும்.

டர்போ நத்தை பாறையையும் கண்ணாடியையும் நன்றாகத் துடைக்கும். ஆனால் மணலில் குப்புற விழுந்தால் பல சமயம் அதனால் தானாகத் திரும்ப முடியாது. ஜொகூர்க் கடலோரத்தில் சமைத்துச் சாப்பிடும் கோங்கோங் சிப்பியும் மணலை மேயும் இனந்தான். ஆனால் அதற்குப் பரந்த மணல்வெளி வேண்டும். சிறிய தொட்டியில் பட்டினி கிடந்து சாகும்.

அழகு வேறு, வேலை வேறு

பூசை அறையில் வைக்கும் சங்கைத் தெரியாத தமிழர் இல்லை. தூத்துக்குடிக் கடலில் எடுக்கப்படும் அந்தச் சங்குக்குள் வாழும் உயிர் மணலிலுள்ள புழுக்களை வேட்டையாடித் தின்பது. துப்புரவு அதன் தொழில் அன்று. ஓட்டின் அழகைப் பார்த்து வாங்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். கூம்பு நத்தையோ அதனினும் ஆபத்து. அதன் சில இனங்களின் நஞ்சு மனித உயிரையே பறிக்கும். கடற்கரையில் கிடைத்த பெயர் தெரியாத நத்தையைக் கையில் எடுக்கவும் கூடாது, தொட்டியில் விடவும் கூடாது.

மலையூரில் கூடுதல் கவனம்

நத்தைக்குப் பெரும் பகை செம்பு. மிகச் சிறிய அளவே அதைக் கொன்றுவிடும். 1946-இல் கொப்புள நோய் தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாக்கிய பின்னர், தேயிலைத் தோட்டங்களில் செம்பு மருந்து பரவலாயிற்று. காய்கறிக்கும் செம்பு மருந்து அடிப்பதுண்டு. ஆகவே மருந்து கலக்கிய வாளியைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஓடைத் தண்ணீரையும் ஊற்றக் கூடாது. ஆர்.ஓ. வடிகட்டியில் வந்த தண்ணீரில் உப்பைக் கரைப்பதே பாதுகாப்பு. மீனுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்கான மருந்துகள் பலவற்றிலும் செம்பு உண்டு. நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து போட வேண்டும்.

அடுத்தது குளிர். மலையில் இரவு வெப்பம் 18 பாகைக்கும் கீழே இறங்கும். வெப்பக்கடல் நத்தைக்கு 24 முதல் 26 பாகை வேண்டும். எனவே சூடேற்றி அவசியம். சூடேற்றியால் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அன்று.

எத்தனை போதும்?

40 லிட்டர் தொட்டிக்கு நசேரியஸ் இரண்டு, செரித் மூன்று என்று தொடங்கலாம். மணல் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். வாங்கி வந்ததும் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒரு மணி நேரமாவது பழக்கிய பிறகே உள்ளே விட வேண்டும். அசையாமல் கிடந்தால் எடுத்து முகர்ந்து பார்க்கலாம். துர்நாற்றம் வீசினால் இறந்துவிட்டது என்று பொருள். உடனே அகற்றாவிட்டால் சிறிய தொட்டியில் அதன் அழுகல் மீனையும் கொன்றுவிடும்.

நத்தையும் தின்கிறது, கழிவை விடுகிறது. தொட்டியின் கழிவு முழுவதையும் அது வெளியேற்றிவிடாது. வாரந்தோறும் தண்ணீர் மாற்றும் வேலை மனிதருடையதே. நத்தைகள் பல கடலிலிருந்து பிடித்து வரப்படுகின்றன. மணல் வெளுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக ஓர் உயிரைப் பட்டினி போட்டுச் சாகடிப்பது முறையன்று. அதற்குத் தீனி உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குவோம்.