பாட்டியின் வியர்வையும் பேரனின் பாட்டும்

(திரியாயில் கமக்காரரும் ஆசிரியரும் அலுவலரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வயலைப் பற்றியும் குளத்தைப் பற்றியும் காணி உறுதியைப் பற்றியும் பேசிப் பழகிய இந்த அவையிலே, இன்று ஒரு பாட்டுக்காரரைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். “பாட்டு வயிற்றை நிரப்புமா?” என்று நம் கமக்காரப் பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் எடுத்துக்கொண்ட பாவலரின் பாட்டு, மண்ணைப் பற்றிய பாட்டு. மண்ணைத் திருத்தியவர்கள் மண்ணில்லாமற் போன கதையைச் சொல்லும் பாட்டு. அக்கதையின் பாதி நமது இலங்கையிலேயே நடந்தது. ஆதலின் அவரைப் பற்றிப் பேசுவதற்குத் திரியாயைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை என்பது எமது துணிபு.

அப்பாவலரின் பெயர் அறிவு. அறிவரசு கலைநேசன் என்பது முழுப்பெயர். தமிழ்நாட்டின் அரக்கோணத்தில் பிறந்தவர், பொறியியல் பயின்றவர். அலுவலகத்தில் அமர்ந்து மாதச் சம்பளம் பெறுவதற்குரிய கல்வி இருந்தும் பாட்டையே தொழிலாகக் கொண்டார். அவர் கைக்கொண்ட பாட்டு முறைக்கு ‘ராப்’ என்று பெயர்.

ராப் என்பது தாளத்தின்மீது சொல்லை விரைந்து அடுக்கிச் செல்லும் கலை. 1973 ஆகஸ்டில், நியூயோர்க் நகரின் பிரொங்க்ஸ் பகுதியில், ஜமேய்க்காவிலிருந்து குடியேறிய கூல் ஹேர்க் என்ற இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றி நடத்திய கொண்டாட்டத்தையே இக்கலைமரபின் தொடக்கமாகச் சொல்வர். ஏழைக் கறுப்பின மக்களின் தெருக்களிலே அது வளர்ந்தது. பெரிய வாத்தியங்கள் வாங்க வசதியற்றவர்கள் வாயையே வாத்தியமாக்கினர். செய்தித்தாள்கள் எழுத மறுத்த தங்கள் வாழ்வைத் தாமே பாடினர்.

“இது அந்நியக் கூச்சல், தமிழுக்கு ஒவ்வாதது” என்று முகஞ் சுளிப்போர் உளர். அவர்களை ஒன்று கேட்கிறோம். சந்தம் தமிழனுக்குப் புதியதா? அருணகிரிநாதரின் சந்தத்தைச் சொல்லிப் பார்த்தவருக்கு நா எவ்வளவு வேகமாகப் புரளவேண்டும் என்பது தெரியும். நம் கிழக்கிலங்கைக் கூத்துக் களரியில் அண்ணாவியார் தாளக்கட்டுச் சொல்ல, கூத்தர் அதற்கு இசைய ஆடிப் பாடுவதைக் கண்டவருக்குச் சொல்லும் தாளமும் ஒன்றையொன்று துரத்தும் அழகு தெரியும். வித்து வெளிநாட்டிலிருந்து வந்திருக்கலாம். விளைந்த மண் நம்முடையது. மிளகாய் கூட ஒரு காலத்தில் வெளிநாட்டுச் செடிதான். இன்று அஃதின்றி நம் வீட்டில் உலை கொதிப்பதில்லை.

தமிழில் இக்கலையை முதலில் வளர்த்தவர்களுள் மலேசியத் தமிழ் இளைஞர்கள் முக்கியமானவர்கள். யோகி பி என்பவரும் அவர்தம் குழுவினரும் 2006 இல் வெளியிட்ட ‘வல்லவன்’ என்ற இசைத்தொகுப்பு கடல் கடந்து ஒலித்தது. அதற்கு முன்னரே, இலண்டனிற் பிறந்து யாழ்ப்பாணத்திற் சிறுபிராயத்தைக் கழித்து, போரின் காரணமாக மீண்டும் இலண்டனுக்கு அகதியாகச் சென்ற மாதங்கி அருள்பிரகாசம், ‘எம்.ஐ.ஏ.’ என்ற பெயருடன் ஆங்கிலத்திற் பாடி உலகப் புகழ் பெற்றார். 2005 இல் வந்த தமது முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயரான ‘அருளர்’ என்பதையும், 2007 இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயரான ‘கலா’ என்பதையும் அவர் சூட்டினார். எங்கோ ஒரு நாட்டில், தமிழ் அறியாத கோடிக்கணக்கானோர் வாயில், நம்மவர் இருவர் பெயர் புழங்கிற்று. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

அறிவு மேடையேறிய வரலாறு சுருக்கமானது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக்குழுவில் அவர் சேர்ந்தார். ‘சாதியற்ற தமிழர்’ என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து பிறந்த பெயர் அது. 2018 ஜனவரியில் சென்னையில் அக்குழு முதன்முறை மேடையேறியபோது, சென்னைக் குடிசைப் பகுதிகளின் கானாவும் பறையும் மேற்கத்திய வாத்தியங்களும் ஒரே மேடையில் சரிநிகராக நின்றன. இழவு வீட்டு வாசலோடு நிறுத்தப்பட்ட கருவி, நடுமேடைக்கு வந்தது. பறை முழக்கியவரை வாசலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் தமிழ்நாட்டில் மட்டும் இருந்ததன்று; யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் இருந்தது என்பதை மறைப்பதால் யாருக்கும் பயனில்லை.

2019 இல் அறிவு ‘தெருக்குரல்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். திருக்குறளை நினைவூட்டும் அப்பெயர் வெறும் சொல்விளையாட்டன்று. ஏட்டிலே நின்ற அறம் தெருவுக்கு இறங்கிவர வேண்டும் என்ற வேட்கை அதில் உண்டு. திரைப்படங்களுக்கும் பாட்டு எழுதினார். ‘காலா’, ‘மாஸ்டர்’ ஆகிய படங்களின் வழியே அவர் சொற்கள் பட்டிதொட்டியெங்கும் பரவின.

ஆனால் அவர் பெயரை உலகறியச் செய்தது 2021 மார்ச் 7 ஆம் நாள் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்ற பாடல். அறிவும் பாடகி தீயும் பாடினர். சந்தோஷ் நாராயணன் இசை. சில மாதங்களுக்குள்ளேயே யூடியூப்பில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட முறை அது பார்க்கப்பட்டது. குழந்தைகள் அதைக் கேட்டு ஆடினர். ஆடியவர்களில் எத்தனை பேர் அதன் பொருளை அறிவர்?

அப்பாட்டின் உயிர், அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, அங்கும் சொந்த நிலமின்றிக் கூலிவேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கிய மூதாட்டி. பாட்டின் படத்தில் அவரும் தோன்றுகின்றார். தலைமுறை தலைமுறையாய் மண்ணைக் கொத்திய கைக்கு ஒரு பிடி மண்ணும் சொந்தமாகாத கொடுமையே அப்பாட்டின் பொருள். துள்ளலான தாளத்துக்குள்ளே ஓர் ஒப்பாரி ஒளிந்திருக்கின்றது.

வள்ளியம்மாளின் கதை ஒரு கிழவியின் கதை மாத்திரமா? அன்று! தென்னிந்தியாவிலிருந்து தோட்டத் தொழிலாளர் வரத்தொடங்கிய காலம் 1823 என்று கணக்கிட்டு, 2023 இல் மலையகத் தமிழர் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தனர். காட்டை வெட்டிக் கோப்பி நட்டனர். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை நட்டனர். லயத்து அறையிற் பிறந்து, பெரட்டுக் களத்திற் பெயர் கொடுத்து, கொழுந்துக் கூடையோடு மலையேறி, அம்மண்ணிலேயே எருவாயினர். அவர்கள் கையால் வந்த செல்வத்தில் இந்நாடு தலைநிமிர்ந்தது.

அதற்குக் கிடைத்த நன்றி யாது? 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம்! சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்தனர். இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்று கண்ட தந்தை செல்வநாயகம், அதனை எதிர்த்துத் தாம் இருந்த கட்சியை விட்டு வெளியேறியது வரலாறு. பின்னர் 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றனர். 1974 இல் அந்த எஞ்சியவரையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டனர். மாட்டுப்பட்டியைப் பங்கிடும்போதுகூடத் தாயையும் கன்றையும் பிரிக்கத் தயங்குவான் கமக்காரன். இங்கே அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனை! தலைமன்னார்த் துறையில் அழுத கண்ணீரை எந்த ஒப்பந்தத்தில் எழுதினர்? நாடற்று எஞ்சியிருந்தோர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று.

திரியாய் மக்களுக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1985 இல் வீடுகள் எரிய, விளைந்த வயலையும் கட்டிய மாட்டையும் விட்டு ஓடியவர்கள் நீங்கள். ஆண்டுகள் பல கழித்துத் திரும்பி வந்து, காடு மூடிய வரம்பைத் தேடித் தேடி மீண்டும் ஏர் பூட்டியவர்கள் நீங்கள். பாட்டன் உழுத மண்ணில் நிற்பதற்குப் பேரன் கடதாசி காட்ட வேண்டியிருப்பது எத்தகைய வேதனை என்பதை நீங்கள் அறிவீர்கள். 1977 இன் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து ஏதிலிகளாய் வந்து, வவுனியாவிலும் திருகோணமலையிலும் காடு திருத்திக் குடியேறிய குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்களும் வள்ளியம்மாளின் உறவினரே. அவர்களை ‘தோட்டக்காட்டார்’ என்று ஏளனமாக அழைக்கும் வாய் இன்னும் இருக்குமாயின், அவ்வாய் அறிவின் பாட்டைப் பாடத் தகுதியற்றது.

இனி, அப்பாட்டுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு தன் அட்டையில் பாடகி தீயின் படத்தையும், கனடாவில் வாழும் ஈழத்தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலின் படத்தையும் வெளியிட்டது. சொல்லை யாத்த அறிவின் படம் இல்லை. இரஞ்சித் முதலானோர் கண்டித்தனர். 2022 ஜூலை 28 இல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை. பாட்டை ஆக்கியதும் எழுதியதும் பாடியதும் தாமே என்று அவர் வெளிப்படையாக எழுதினார். உரிமையும் புகழும் மூவருக்கும் பொதுவென்றும், அறிவின் பங்கைத் தாங்கள் மறைத்ததில்லை என்றும் தீயும் சந்தோஷ் நாராயணனும் விடையிறுத்தனர். 2024 மார்ச்சில், அப்பாடலால் தமக்கு வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே அறிவித்தார்.

இவ்வழக்கில் நாம் நீதிபதிகளல்லர். ஒருவரைத் தூற்றுவதும் நம் நோக்கமன்று. ஆயினும் ஒன்று வெள்ளிடைமலை. உழைத்தவனுக்கு நிலமில்லை என்று பாடிய பாட்டிலேயே, உழைத்தவரின் பங்கு எதுவென்று வழக்கு எழுந்தது. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் வருவாய், அதனை இசைத்தவர் கைக்கே எட்டவில்லை. நெல்லை விளைவித்தவன் கடனாளியாக நிற்க, இடைத்தரகர் களஞ்சியம் நிரம்பும் கதையை நாம் அறியோமா? வயலின் நீதியும் பாட்டின் நீதியும் வேறு வேறல்ல. விளைவித்தவர் பெயர் விளைச்சலின்மீது எழுதப்படவேண்டும்.

“பாட்டால் வள்ளியம்மாளுக்கு ஒரு காணி கிடைத்ததா?” என்று கேட்பீராயின், பாட்டு காணி தராது என்பதே எமது மறுமொழி. காணியைத் தருவது சட்டம். சட்டத்தை அசைப்பது மக்களின் ஒற்றுமை. பாட்டு செய்வது வேறொன்று. எழுத்துரிமை மறுக்கப்பட்டவரின் உறுதிப்பத்திரமாக அது நிற்கின்றது. பதிவேட்டிலிருந்து பெயரை வெட்டலாம்; கோடி வாய்களிலிருந்து வெட்ட இயலாது. தந்தை பெயரையும் தாய் பெயரையும் மாதங்கி உலகெங்கும் எடுத்துச் சென்றார் என்றோமே, அவ்வாறே அறிவும் 2024 இல் ஒரு தொகுப்பை வெளியிட்டு, அதற்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயரிட்டார். புகழின் உச்சியில் நின்று, தாம் இன்னாருடைய பேரன் என்று முழங்கிய அச்செயலே அவர் பாடிய பாட்டுகளிலெல்லாம் பெரிய பாட்டு.

ஆதலின், இந்த அவையை நோக்கி மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம்.

ஆசிரியர்களே, இவ்வூரில் ஏர்ப்பாட்டும் அரிவிவெட்டுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டிகள் இன்னும் உளர். உங்கள் மாணவர் கையில் இருக்கும் தொலைபேசியில் அக்குரல்களைப் பதிவு செய்விப்பீர்களாக. ஒவ்வொரு பதிவிலும் பாடியவர் பெயரும் ஊரும் நாளும் தவறாமல் இருக்கட்டும். ‘நாட்டார் பாடல், ஆசிரியர் தெரியவில்லை’ என்று எழுதுவது எளிது. தெரிந்துகொள்ள முயலாதவரே பெரும்பாலும் அவ்வாறு எழுதுவர்.

சட்டமும் கணக்கும் கற்ற அலுவலர்களே, கலைஞனும் கமக்காரனும் கையொப்பமிடுமுன் கடதாசியை வாசித்துக் காட்டுவதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காணியாயினும் பாட்டாயினும், வாசியாது இட்ட கையொப்பமே பறிகொடுப்பதன் முதற்படி.

கமக்காரப் பெருமக்களே, உங்கள் பிள்ளை தாளம் தட்டிச் சொல்லடுக்கினால் ‘உருப்படாதவன்’ என்று அதட்டாதீர்கள். எந்தக் குளத்தை யார் கட்டினார், எந்த வரம்பை யார் போட்டார், எந்த இரவில் ஊர் எரிந்தது, எந்தக் காலையில் திரும்பி வந்தோம் என்பதை அவனிடம் சொல்லுங்கள். சொல்லுக்குப் பொருள் நீங்கள் கொடுங்கள். தாளத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

பாட்டியிடம் கேட்ட பேரன் ஒருவன் உலகைக் கேட்க வைத்தான். திரியாயின் பாட்டிமார் சொல்லக் காத்திருக்கின்றனர். பேரர்கள் கேட்கத் தொடங்குவார்களாக!