வாசற்படி ஏறிய வசனம்



பிரசங்க ஊழியத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் பிரசங்க பீடத்திலிருந்து தொடங்கவில்லை. ஆலயத்தின் ஒரு வரிசையிலிருந்து தொடங்குகிறேன்.

பெங்களூரில் 1809இல் ராணுவப் பாளையம் அமைந்தபோது, சென்னைப் படையோடு சிப்பாய்களும் சமையல்காரர்களும் கொத்தனார்களும் வியாபாரிகளுமாகத் தமிழர் பலர் இங்கே குடியேறினார்கள். சிவாஜிநகரிலும் அல்சூரிலும் அவர்கள் வழியில் வந்தவர்கள் இன்றும் தமிழ் ஆராதனைக்கு வருகிறார்கள். அண்மையில் ஒரு ஞாயிறு, எனக்கு முன்வரிசையில் ஒரு பாட்டியும் பேரனும். பாட்டி கையில் பழைய சேலைத் துணியில் உறை தைத்துப் போட்ட வேதாகமம். பேரன் கையில் செல்போன். அதில் சபையார் பாடிய ஞானப்பாட்டு ஆங்கில எழுத்தில். தமிழ் படிக்கத் தெரியாத அந்தப் பையன் ஒரு சொல் பிசகாமல் பாடினான்.

பிரசங்கத்தில் 'நீதிமானாக்கப்படுதல்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. பையன் பாட்டியின் காதருகே குனிந்து, "அப்படின்னா என்ன பாட்டி?" என்றான். "இப்ப கேளுப்பா, வீட்ல சொல்றேன்" என்றார் அவர். அவனுக்கான பிரசங்கம் அன்றைக்கு ஒரு சமையலறையில்தான் நிறைவுற்றிருக்கும்.

பையனை நான் குறை சொல்லமாட்டேன். அவன் எந்தத் தமிழில் பேசுகிறான், எதைக் கண்டு பயப்படுகிறான், எதற்காக ஜெபிக்கிறான் என்பதெல்லாம் அவன் வீட்டு வாசற்படி ஏறினால்தான் மேய்ப்பருக்குத் தெரியும். நம் முன்னோர் 'வீடு சந்திப்பு' என்று சொன்ன ஊழியம் அதுதான்.

அந்த ஊழியத்தைப் பற்றிப் பேசும்போது வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நினைத்துக்கொள்கிறேன். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்நின்றவர். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியராகப் போனபோது தெலுங்கு கற்றார்; கிராமம் கிராமமாகச் சுற்றினார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கை வைத்து, நற்செய்தியை அறிவிப்பது தங்கள் கடமை என்று சொல்லச் செய்வாராம். பிரசங்கம் குருவானவருக்கு மட்டும் உரியதல்ல என்பதை அந்தக் கை உணர்த்தியது. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனெரிமாரிடம் அவர் கேட்டது நட்பு. பணத்தையும் தியாகத்தையும் தந்த அவர்கள் நண்பர்களையும் தரட்டும் என்றார்.

அதே 1910இல்தான் இந்த நகரில் ஐக்கிய இறையியல் கல்லூரி தொடங்கப்பட்டது. பல சபைப் பிரிவுகளின் போதகர்கள் அங்கே கிரேக்கமும் எபிரெயமும் படித்துத் தேறினார்கள். அந்தப் படிப்பு வேண்டும். ஆழமில்லாத பிரசங்கம் ஆத்துமாவைப் பசியோடு அனுப்பிவிடும். அசரியா கேட்ட நட்பும் அதோடு சேரட்டும். கிரேக்கச் சொல்லின் வேரைத் தேடுகிற அதே பொறுமையோடு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒருவரின் கட்டிலருகே உட்காரவும் வேண்டும்.

இளம் போதகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறு வசனத்தைத் திங்களன்றே எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்குள் மூன்று வீடுகளுக்குப் போய் அதை வாசித்துக் காட்டுங்கள். எந்தச் சொல்லில் முகம் மலர்கிறது, எந்தச் சொல்லில் புருவம் சுருங்குகிறது என்று கவனியுங்கள். அதன் பிறகு பிரசங்கத்தை எழுதுங்கள்.

மூப்பர்களே, உங்கள் போதகருக்கு அதற்கான நேரத்தைக் கொடுங்கள். கமிட்டிக் கூட்டங்களில் ஒன்றைக் குறைத்தாலே மூன்று வீடுகளுக்கு வழி பிறக்கும். அந்தப் பாட்டியின் வீடு அவற்றில் ஒன்றாக இருக்கட்டும். கர்த்தர் உங்கள் ஊழியத்தை ஆசீர்வதிப்பாராக.