அரங்கேற்றமும் அச்சேற்றமும்



ஓவேலியில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தால் எதிர்ச்சரிவு முழுவதும் தேயிலையாகவே தோன்றும். சென்ற கோடையில் ஒரு நாள் மாலை, அத்திண்ணைக்கு என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். கொழுந்து பறிக்கும் தாயின் மகள். எங்கள் பள்ளியில் படித்து, சமவெளியில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளராக அமர்ந்தவள். தேயிலையைத் தாக்கும் கொப்புள நோயைப் பற்றி ஆராய்கிறாள். 1946-இல் தென்னிந்தியத் தோட்டங்களுக்குள் புகுந்து, மழையும் மூடுபனியும் சேர்ந்தால் இளங்கொழுந்தைக் கெடுத்துவிடும் பூஞ்சண நோய் அது.

“ஐயா, என் முதல் கட்டுரை ஆராய்ச்சி இதழில் அச்சாகிவிட்டது” என்றாள். சொன்னவள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. காரணம் கேட்டேன். கட்டுரை அனுப்பிய மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்டதாக மறுமொழி வந்ததாம். கூடவே கட்டணம் கேட்டு மற்றொரு கடிதம். தாயின் சேமிப்பிலிருந்து பணம் செலுத்தினாள். அச்சான பிறகு பார்த்தால், அவளே செய்த பிழையால் அட்டவணை ஒன்றில் இரண்டு வரிசை எண்கள் இடம் மாறி நின்றன. மருந்து தெளித்த செடியில் நோய் மிகுதி என்றும், தெளிக்காத செடியில் குறைவு என்றும் அவை கூறின. “ஒருவரேனும் படித்திருந்தால் இதைக் கண்டிருப்பாரே, ஐயா!” என்றாள்.

அவளுடைய துயரம் அந்த ஒரு சொற்றொடரில் அடங்கியிருந்தது. பணம் போனதன்று அவள் வருத்தம். படிப்பார் இன்றியே தன் உழைப்பு அச்சேறியதுதான்.

அறிவுலகில் ஒரு நூலைப் பலர் அறிய வெளியிடுமுன், தக்கார் ஒருவர் அதனை ஆராய வேண்டும் என்பது நமக்குப் புதிய கருத்தன்று. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகிறது. அரங்கேற்றம் என்பது வெறும் விழா அன்று. கேட்கத் தகுதியுடையார் கேட்டு, ஐயம் எழுப்பி, தெளிந்து ஏற்றுக்கொள்ளும் முறை. மேலை நாட்டில் 1665-இல் இலண்டனில் அரச கழகத்தின் செயலாளர் ஓல்டன்பர்க் விஞ்ஞான இதழ் ஒன்றைத் தொடங்கினார். கட்டுரையை அத்துறை வல்ல பிறருக்கு அனுப்பிக் குறைநிறை கேட்கும் வழக்கம் பிற்காலத்தில் படிப்படியாக நிலைபெற்றது.

நல்ல இதழாசிரியர் என்ன செய்வார் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழுக்கு, நிலையான வேலையில்லாத 23 வயது இளைஞர் ஒருவர் கட்டுரை அனுப்பினார். அவர் சீனிவாச இராமானுசன். கருத்துகள் புதியவை, ஆனால் படிப்பவர் பின்தொடர முடியாத அளவுக்குச் சுருக்கமாக எழுதியிருந்தார். இதழாசிரியர் நாராயணையங்கார் அதனைத் தள்ளிவிடவில்லை. அப்படியே அச்சிட்டுவிடவும் இல்லை. திருத்தித் தருமாறு ஒரு முறைக்கு மேல் திருப்பி அனுப்பினார். பெர்னூலி எண்களைப் பற்றிய அக்கட்டுரை அவ்வாண்டே வெளிவந்தது. திருப்பி அனுப்பியதும் ஓர் உதவியே அன்றோ?

இனி, பணம் எங்கே குறுக்கிடுகிறது என்று பார்ப்போம். கட்டுரை எழுதுவோருக்கு இதழ்கள் பொதுவாக ஊதியம் தருவதில்லை. குறைநிறை பார்ப்போரும் பெரும்பாலும் ஊதியமின்றியே உழைக்கின்றனர். எனினும் இதழை நடத்தச் செலவு உண்டு. அச்செலவை யார் தருவது? இதுவே இன்றைய விவாதத்தின் வேர்.

படிப்பவர் தருவது பழைய வழி. பன்னாட்டுப் பதிப்பகங்கள் சந்தாவை உயர்த்திக்கொண்டே போனமையால், சிறிய கல்லூரிகளின் வாயில் அடைபட்டது. எங்கள் மலைத் தேயிலையைப் பற்றிய கட்டுரையை எங்கள் மலைப் பிள்ளையே படிக்க இயலாத நிலை! எழுதுபவர் தருவது புதிய வழி. இதில் கட்டுரை எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. நேர்மையாக இவ்வழியில் நடக்கும் இதழ்களும் உள்ளன. ஆயினும் ஒரு தீங்கு உண்டு. விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியரே மாணவனிடம் தாளுக்கு இவ்வளவு என்று பணம் பெற்றால், எத்தனை பேர் தோல்வியுறுவர்? கட்டுரையை ஏற்றால்தான் வருவாய் என்றால், மறுக்கும் துணிவு குறைந்துபோகும். அத்துணிவைச் சிறிதும் வைத்துக்கொள்ளாத போலி இதழ்களும் பெருகிவிட்டன.

அவை பெருகியதற்கு நம் விதிகளும் ஒரு காரணம். முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தருமுன் ஒரு கட்டுரையேனும் வெளியிட்டிருக்க வேண்டும் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2009-இல் விதித்தது. நோக்கம் நல்லது, ஆனால் அவசரப்படுவோருக்குக் கடை விரிப்போரும் வந்துவிட்டனர். 2018-இல் அக்குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. 2022-இல் அந்தக் கட்டாயமே கைவிடப்பட்டது. பின்னர் வகுத்த மற்றொரு பட்டியலும் 2025-இல் நிறுத்தப்பட்டது. இதழைத் தேரும் பொறுப்பு கல்வி நிலையங்களிடமே விடப்பட்டது.

படிப்போர் பக்கத்தில், 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்னும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசு உயர்கல்வி நிலையங்களுக்கு அது பெரும் பேறு. அத்தொகையைக் கொண்டு நம் நாட்டு இதழ்களையே வளர்த்திருக்கலாம் என்பாரும் உளர். அவர்கள் கூற்றையும் எளிதில் தள்ள முடியாது. சர். சி. வி. இராமன் தம் கண்டுபிடிப்பை விரிவாக வெளியிட்டது 1928 மார்ச்சில், கல்கத்தாவிலிருந்து வந்த இந்திய பௌதிக இதழில்தான். அதன் படிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். 1930-இல் நோபல் பரிசு வந்தது. இதழ் எந்த நாட்டினது என்பதைவிட, அதில் உள்ள உண்மையே பெரிது என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

மாணவர்களே! நாளை நீங்களும் கட்டுரை எழுதுவீர்கள். அப்போது இதழின் பகட்டான பெயரைப் பார்க்காதீர்கள். அதன் ஆசிரியர் குழுவில் உள்ளோர் உண்மையில் அத்துறையினர்தாமா என்று உசாவுங்கள். முன்வந்த கட்டுரைகள் சிலவற்றைப் படித்துப் பாருங்கள். நாள் கணக்கில் ஏற்றுக்கொள்வதாக யாரேனும் வாக்களித்தால், அங்கேயே ஐயம் கொள்ளுங்கள். திருத்தச் சொல்லித் திரும்பி வரும் கட்டுரையைக் கண்டு மனம் சோராதீர்கள். உங்களை ஒருவர் படித்திருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று.

என் மாணவி எழுந்து போகுமுன் ஒன்று கேட்டாள்: “பதவி உயர்வு விண்ணப்பத்தில் இந்தக் கட்டுரையைக் காட்டலாமா, ஐயா? காட்டினால் மதிப்பெண் உண்டு.” நான் விடை கூறவில்லை. “அட்டவணையைத் திருத்தி, நம்பிக்கையான ஓரிடத்தில் படிக்கக் கொடுத்துப் பார்” என்று மட்டும் சொன்னேன். சில வாரங்களுக்குப் பின் கடிதம் எழுதியிருந்தாள். விண்ணப்பத்தில் அக்கட்டுரையைச் சேர்க்கவில்லை. அதைத் திரும்பப் பெறுமாறு அந்த இதழுக்கு எழுதிவிட்டாள். மழை தொடங்கியதும் செடிகளை மீண்டும் எண்ண எங்கள் சரிவுக்கே வருகிறாளாம்.

இம்முறை அவள் எண்ணுவதைச் சரிபார்க்க நானும் உடன் போவதாக இருக்கிறேன்.