காலி நாற்காலியின் பத்தாண்டுகள்



யாருடைய நினைவில் இன்று கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர் மேடையில் அதிகம் பேசியவர் இல்லை. மனு எழுதியவர். எழுதிய ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிப் பத்திரப்படுத்தியவர். ஆகவே அவர் நினைவில் பேசும்போது மனுவைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் பேசுவதே பொருத்தம் என்று நினைக்கிறோம்.

அடித்தள மக்களின் போராட்டம் அரசியலை மாற்றுமா என்று கேட்டால், உடனே பெரிய சதுக்கங்களும் கவிழ்ந்த ஆட்சிகளும் நினைவுக்கு வருகின்றன. நம் அனுபவம் வேறு. நமக்குச் சாதகமான சட்டம் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அதை ஊருக்குள் நடக்க வைக்கத்தான் நாம் உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மகாத்தை நினைத்துப் பாருங்கள். பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிட வேண்டும் என்ற தீர்மானம் பம்பாய் சட்டமன்றத்தில் 1923லேயே நிறைவேறிவிட்டது. மகாத் நகராட்சியும் அதை ஏற்றது. குளத்தில் இறங்கத்தான் ஆள் இல்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நடந்து சென்று சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அடி விழுந்தது. நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. வழக்கு இழுத்து, உயர் நீதிமன்றத் தீர்ப்பு 1937ல்தான் வந்தது. ஒரு கை தண்ணீருக்குப் பத்தாண்டுகள்.

அதே பத்தாண்டுகளை நாம் மதுரை மாவட்டத்திலும் பார்த்தோம்.

73வது திருத்தம் வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ல் வந்தது. 1996ல் தேர்தல் அறிவித்தார்கள். மேலவளவு, பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி நமக்கு ஒதுக்கப்பட்டது. மேலவளவில் வாக்குப் பெட்டிகள் சூறையாடப்பட்டன. காவல் போட்டு மறுபடி நடத்திய தேர்தலில் முருகேசன் வென்றார். அலுவலகத்தில் போய் உட்கார அவரை விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பேருந்தை மறித்து அவரையும் உடனிருந்தவர்களையும் வெட்டினார்கள். அன்று ஆறு பேர் மாண்டார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் மூவரை 2008லும் பதின்மூன்று பேரை 2019லும் அரசு முன்விடுதலை செய்தது. ஒன்று அண்ணா நூற்றாண்டின் பெயரில், மற்றது எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பெயரில். இரண்டு கழகங்களும் கணக்கை நேர் செய்துகொண்டன.

பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் வேறு வழி. அங்கே வேட்புமனுவே வராது. வந்தால், ஆதிக்க சாதியினரே நிறுத்திய ஒருவர் வெல்வார், பதவியேற்ற கையோடு விலகுவார். மீறி மனு போட நினைப்பவருக்குக் காட்டு வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது. சமூகவியல் வகுப்பில் ஸ்ரீநிவாஸின் 'ஆதிக்க சாதி' என்ற கருத்தைப் படித்திருக்கிறோம்: எண்ணிக்கை, நிலம், அதிகாரம். அது சரிதான். ஆனால் ஊருக்கு வர வேண்டிய வேலை முடங்கினாலும் பரவாயில்லை, ஒரு பறையரோ பள்ளரோ சக்கிலியரோ தலைவராக வந்துவிடக் கூடாது என்று ஒரு ஊரே பத்தாண்டு பிடிவாதமாக இருந்ததை எந்தப் பாடநூல் எங்களுக்கு விளக்கியது? அந்த நாற்காலியின் மதிப்பு அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

2006 அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். அரசு சென்னையில் விழா எடுத்தது. ஆட்சியரையும் பாராட்டினார்கள், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு கேள்வியை இந்த அவையில் வைக்கிறோம். 1996லும் அதே அரசியல் சட்டம், அதே காவல்துறை, அதே ஆட்சியர் அலுவலகம். ஆட்சிக்கு வந்து ஐந்தே மாதத்தில் ஓர் அரசால் நடத்த முடிந்த தேர்தல், அதற்கு முந்தைய பத்தாண்டுகளாக ஏன் முடியாமல் போனது?

இடையில் மாறியது நாம். மேலவளவுக்குப் பிறகு ஒவ்வொரு ஜூன் 30ம் கூட்டம் கூடியது. தேர்தலைப் புறக்கணித்திருந்த விடுதலைச் சிறுத்தைகள் 1999ல் தேர்தல் களத்துக்கு வந்தார்கள். சேரி வாக்குக்கு ஒரு கட்சிப் பெயர் கிடைத்தது. இடதுசாரிகளும் இந்த ஊர்களின் பெயரை மேடைதோறும் சொன்னார்கள். ஒத்திவைத்த ஒவ்வொரு தேர்தலும் செய்தியானது, செய்தி அவமானமானது. அரசு என்பது அவமானத்துக்கும் வாக்குக்கும் அசைகிற ஒன்று. மனசாட்சிக்கு அசைந்து நாங்கள் பார்த்ததில்லை.

சரி, நாற்காலி கிடைத்துவிட்டது. பிறகு? 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. சில நாள் கழித்து ஆட்சியர் வந்து நின்ற பிறகுதான் ஏற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சிக் கூட்டத்தில் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளியானது. இருவரும் பெண்கள், இருவரும் நம்மவர்கள். படம் பரவியதும் வழக்குப் பாய்ந்தது, நல்லதுதான். ஆனால் கைபேசி எட்டிப் பார்க்காத இடம் ஒன்று உண்டு: காசோலைப் புத்தகம். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்குத்தான் இடஒதுக்கீடு, துணைத்தலைவருக்குக் கிடையாது. வெட்டரிவாள் செய்த வேலையை இன்று ஒரு கையெழுத்தை நிறுத்தி வைத்தே செய்ய முடிகிறது. இதற்கு முழக்கம் எழுதுவது கடினம். சுவரொட்டியில் 'இரண்டாம் கையெழுத்து' என்று போட்டால் யாரும் கூட மாட்டார்கள். ஆனால் அடுத்த போராட்டம் அங்கேதான் இருக்கிறது. துணைத்தலைவர் காரணமின்றிக் கையெழுத்தை மறுத்தால் இத்தனை நாளில் மாற்று ஏற்பாடு என்று சட்டத்தில் திட்டவட்டமாக எழுத வேண்டும். அதைக் கேட்டு எத்தனை ஊரிலிருந்து மனு போயிருக்கிறது?

2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அப்போது அந்த மாவட்டங்களில் எல்லா ஊர் நாற்காலியும் ஒன்றுபோலக் காலி. பாப்பாபட்டி மக்கள் பத்தாண்டு அனுபவித்த அந்த நிலைமை ஊர்த்தெருவுக்கும் வந்தபோது யாருக்கும் பெரிதாகக் கோபம் வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே வந்திருக்கும் தோழர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். உங்கள் ஒன்றியத்தில் ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் எவை, அங்கே மனு போடப் போகிறவர் யார், மனு போட்ட மறுநாள் அவர் வீட்டுக்கு வேலையும் அரிசியும் எங்கிருந்து வரும், துணைத்தலைவராக வரப்போகிறவர் யாருடைய ஆள் என்று எழுதுங்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது ஊர்ப் பெயரோடு எழுதிவிட்டுப் போங்கள்.